சோசியர் நட்ட தென்னங்கன்று

ராஜாக்களுக்குப் பஞ்சமில்லாத காலம் அது. மழைக்குத்தான் பஞ்சம். அப்போது கரிசலூர் என்று ஒரு சின்ன ராஜ்யம் இருந்தது, கேளுங்கள்.

ஒரு வருஷம் சித்திரையில் வானத்தில் வால்நட்சத்திரம் தெரிந்தது. வைகாசியில் பெரிய கண்மாய் வற்றியது. ஆனியில் அரண்மனை யானை தீனி தின்ன மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்கு வயிற்றுக் கோளாறு என்று பாகன் தலைபாடாய் அடித்துக்கொண்டான். யார் காதில் போட்டுக்கொண்டார்கள்?

அரண்மனைச் சோசியர் திருவம்பலம் சோழியை உருட்டினார். "ஆவணி அமாவாசையோட உலகம் முடிஞ்சுது மகாராஜா!"

ராஜா நல்லவர், பாவம். "என் குடிகள் பசியோடு சாகக் கூடாது. குதிரில் இருக்கும் நெல், விதைக்கு வைத்த நெல், எல்லாவற்றையும் ஆக்கித் தின்னுங்கள்" என்று தண்டோரா போடச் சொன்னார். ஊரே அடுப்பு மூட்டியது. விடிந்தால் பொங்கல், பொழுது சாய்ந்தால் பாயசம். சாவதற்கு இத்தனை சந்தோஷமாகத் தயாரான ஊரை நான் கேள்விப்பட்டதில்லை.

வெள்ளைச்சி என்கிற குடியானவப் பெண்ணின் வீட்டில் வைக்கோல் பிரி சுற்றி மூட்டையாகக் கட்டிய விதைநெல் கோட்டை ஒன்றுதான் மிச்சம். அவள் புருஷன் மாயாண்டி நச்சரித்தான்.

"ஊரே நெய்ச்சோறு திங்குது. நம்ம புள்ளைங்க கூழைக் குடிச்சுட்டு அடுத்த வீட்டு வாசலைப் பார்க்குதுங்க. அவுத்துக் குத்துடி!"

வெள்ளைச்சி பயத்தோடு கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஆக்கிவிட்டு உலகம் பிழைத்துக்கொண்டால் விதைக்க ஒரு மணி இல்லை. ஆக்காமல் உலகம் அழிந்தால் பிள்ளைகள் அரை வயிற்றோடு போய்ச் சேரும். சோசியரையே கேட்டுவிடுவோம் என்று கிளம்பினாள்.

முதல் நாள் போனபோது சோசியர் வீட்டு முற்றத்தில் மோர்மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. "அழிவு நிச்சயம்" என்றார் அவர். சொல்லிக்கொண்டே காக்காயை விரட்டினார்.

மறுநாள் போனபோது கொல்லையில் தென்னங்கன்று நட்டுக்கொண்டிருந்தார். "அழிவு நிச்சயம். கொஞ்சம் தள்ளி நில்லும்மா, கன்னை மிதிச்சுடாதே."

மூன்றாம் நாள் அவர் மகளுக்குத் தட்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள். "அழிவு நிச்சயம், வெள்ளைச்சி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டவர், வெற்றிலை பாக்கையும் நீட்டினார். "தை மாசம் கல்யாணம். குடும்பத்தோட வந்துடு."

அவர் ஒன்றும் பொய்யர் இல்லை. வாய் நம்பியதைத்தான் சொன்னார். கைதான் நம்பவில்லை.

வெள்ளைச்சி வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். பயம் போய்விடவில்லை. பயத்தையும் கூட்டிக்கொண்டே வயலுக்குப் போனாள். மாயாண்டி திட்டிக்கொண்டே ஏர் பிடித்தான். ஈரமே இல்லாத புழுதியில் நெல்லைத் தூவி மூடினாள். மழை எப்போது வந்தாலும் முளைக்கட்டும் என்று மானாவாரிக்காரர்கள் செய்கிற புழுதி விதைப்பு அது. ஊரே கைகொட்டிச் சிரித்தது.

ஆவணி அமாவாசையும் வந்தது. எல்லோரும் குளித்து, விபூதி பூசி, கண்ணை மூடிப் படுத்தார்கள். காலையில் முழித்துப் பார்த்தால், அட, எல்லாம் அப்படியே இருக்கிறது! குதிர்தான் காலி.

புரட்டாசியும் பாதி ஓடியது. வெள்ளைச்சி தினமும் வரப்பில் உட்கார்ந்து குருவி விரட்டினாள். விதை புழுதியில் கிடந்தது, பிள்ளைகள் பசியில் கிடந்தன. தப்புச் செய்துவிட்டேனோ என்று அழுத நாளும் உண்டு. அழுதுவிட்டு மறுபடி குருவி விரட்டினாள். கடைசியில் ஒரு சாயங்காலம் மழை கொட்டித் தீர்த்தது. ஊர் நிலமெல்லாம் புல் முளைக்க, அவள் நிலத்தில் மட்டும் நெல் முளைத்தது.

கீரையும் கிழங்கும் தின்று தை வரை ஊர் தாக்குப் பிடித்தது. அறுவடையன்று களத்துக்கு முதலில் வந்தவர் சோசியர்.

"கல்யாணத்துக்குக் கொஞ்சம் நெல்லு வேணும், தாயி" என்றார் தலையைச் சொறிந்தபடி.

"அழிஞ்சுபோன உலகத்துல கல்யாணம் எதுக்குங்க சாமி?"

"கணக்குல சின்னப் பிசகு ஆயிடுச்சு. அது சரி, ஊரே என் பேச்சைக் கேட்டுச்சே. நீ மட்டும் யார் பேச்சைக் கேட்டு விதைச்சே?"

"உங்க தென்னங்கன்னு பேச்சைத்தான்!"

சோசியருக்கு முகம் சுருங்கிவிட்டது. வெள்ளைச்சி கல்யாணத்துக்கு ஒரு மூட்டை கொடுத்தாள். ஊருக்கெல்லாம் விதைநெல் பங்கிட்டாள். "இதையாவது தின்னுடாதீங்க" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

ஆகவே, நாளை என்ன ஆகுமோ என்று நெஞ்சு நடுங்கினாலும் நாளைக்கான விதையை இன்றே விதைக்கிறவரே நம்பிக்கையைக் கைவிடாதவர்.