மந்திரியின் மைத்துனர் கப்பல்

மகளை ஈழத்தில் கட்டிக்கொடுத்த ராஜா ஒருவர், அவளுக்குச் சீர்வரிசையாகக் குதிரைகள் அனுப்ப நினைத்தார். கடல் தாண்டிப் பத்திரமாகக் கொண்டுபோகிற கப்பல்காரனைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை லாயக்காரன் வேலாண்டியிடம் விட்டார்.

மந்திரி அவனைத் தனியே இழுத்து, "என் மைத்துனன் கப்பலைச் சொல்லுடா. இல்லையென்றால் லாயத்துப் பக்கமே தலைகாட்ட முடியாது" என்று மிரட்டினார். அது ஓட்டைக் கப்பல். ஏற்றினால் குதிரைகள் கரைசேராது என்று வேலாண்டிக்குத் தெரியும்.

சபையில் கைகட்டி நின்று சொன்னான்: "மந்திரி ஐயாவின் மைத்துனர் கப்பல்தான் மகாராஜா. சீரோடு பெரிய மனுஷர் ஒருத்தர் போறதுதானே முறை? ஐயாவே அதில் கூடப் போகட்டும்."

"பேஷ்! நாளைக்கே கிளம்பும் ஓய்!" என்றார் ராஜா.

மந்திரிக்கு வியர்த்துக் கொட்டியது. "நானா? அந்தக் கப்பலிலா? ஐயோ மகாராஜா, நான் பிள்ளைகுட்டிக்காரன்!"

ராஜா திரும்பி வேலாண்டியைப் பார்த்தார்.

"நானும்தான் மகாராஜா" என்றான் வேலாண்டி. "என் பிள்ளைகள் லாயத்தில் நிற்கின்றன."

குதிரைகள் வேறு கப்பலில் ஏறின.