தேவகனியின் பிள்ளை கூட்டத்துக்கு வந்தது

"அம்மா, இந்த ஊர் தேறாது" என்றார் தாணுமாலயன்.

உலகம்மையின் சீடர் அவர். குருவைவிடப் பத்து வயது மூத்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே ஞானம் தேடி வந்துவிட்டவர்.

"என்னாச்சு?"

"வேலைக்குப் போறவங்க பிள்ளைகளை ஊரே சேர்ந்து பார்த்துக்கலாம்னு கூட்டம் போட்டேன். மேலத்தெரு, கீழத்தெரு, பள்ளிக்கூடம், கோயில், எல்லாரும் வர்றாங்க. வடை தீர்ற வரைக்கும் பேசுறாங்க. போயிடுறாங்க."

"வடை எப்படி?"

"அதுல குறை இல்ல."

"இன்னைக்கும் கூட்டம் உண்டா?"

"உண்டு. யார் தலைவர்னு முடிவு பண்றோம்."



அன்று கூட்டம் சூடு பிடித்திருந்த நேரம் உலகம்மை உள்ளே வந்தார். இடுப்பில் கீழத்தெரு தேவகனியின் பத்து மாதப் பிள்ளை, வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

"தேவகனி காய்ச்சல்ல எந்திரிக்க முடியாம கிடக்கா. புருஷன் வெளியூர்ல. நான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

உரக்கப் பேசிக்கொண்டிருந்த மேலத்தெரு அனந்தப்பன் மடியில் பிள்ளையை வைத்தார். போய்விட்டார்.

அனந்தப்பன் நிறுத்தினார். பிள்ளை நிறுத்தவில்லை.

"இது கீழத்தெருப் பிள்ளையில்லா?" என்றார். அதற்குள் அவர் வேட்டி நனைந்துவிட்டது.

கீழத்தெரு செண்பகவல்லி சிரித்துக்கொண்டே மாற்றுத்துணிக்கு ஓடினாள். பூசாரி பால் கொண்டுவந்தார். "இவ்வளவு சூடாவா குடுப்பாங்க?" என்று பள்ளிக்கூடத்து டீச்சர் அதட்ட, இரண்டு பேர் போட்டி போட்டு ஆற்றினார்கள். பிள்ளை தோள் தோளாக மாறியது.

கடைசியில் தாணுமாலயன் தோளுக்கு வந்தது. அவருக்குத் தாலாட்டு தெரியாது. தெரிந்ததெல்லாம் கையிலிருந்த தீர்மானம்தான். அதையே ராகம் போட்டு இழுத்தார்.

"இக்கூட்டம் ஒருமனதாக... ஆராரோ... முன்மொழிகிறது... ஆரிரரோ..."

பிள்ளை கண்ணை விரித்துக் கேட்டது.

விளக்கு வைக்கும் நேரத்தில் உலகம்மை திரும்பி வந்தார். தேவகனிக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. ஆனால் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்.

கூட்டம் கலைந்திருக்கவில்லை. சண்டை நடந்துகொண்டிருந்தது, கிசுகிசுப்பாக.

"ராத்திரி எங்க வீட்லதான்."

"உங்க வீட்ல கொசு."

"அப்போ தேவகனியோட மூத்த பொண்ணைப் பள்ளிக்கூடத்துல இருந்து நான் கூட்டிட்டு வருவேன். அதுல யாரும் குறுக்க வரக்கூடாது."

வடை தொடாமல் ஆறிக் கிடந்தது.

உலகம்மை சிரித்தார். சீடரைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

தாணுமாலயன் பதறிப்போய் உதட்டில் விரல் வைத்தார்.

"உபதேசமெல்லாம் நாளைக்கு அம்மா. இப்பதான் கண் அசந்தான்."