பஞ்சுப் பாதத்துக்கு ஒரு முத்துமாலை

தென்கரும்பூர் என்று ஒரு நாடு இருந்ததாம். அதைக் குலவர்த்தனன் என்கிற ராஜா ரொம்ப காலத்துக்கு முன்னால் ஆண்டு வந்தார். நல்ல ராஜாதான். ஆனால் யாராவது புகழ்ந்துவிட்டால் போதும், உருகிப் போய்விடுவார்.

பஞ்சநதம் என்ற பிரபு ஒருநாள், "அரசே, தங்கள் பாதம் பஞ்சு! தரையில் படலாமா?" என்று சொல்லி வைத்தான். அவ்வளவுதான். பெரிய குடும்பத்தார் யாரும் தெருவில் கால் வைக்கக் கூடாது, பல்லக்கில்தான் போக வேண்டும் என்று உத்தரவு பிறந்தது. மீறினால் பதவி போகும். அரண்மனை வாசலில் உள்ளங்காலைப் பார்க்கவே ஒரு காவலன் நின்றான். பெரிய மனிதர் காலில் தூசி இருந்தால் உள்ளே விடமாட்டான்.

அந்த உத்தரவை ஓலையில் எழுதியது மந்திரி அறவாழி. பத்து நாளில் ராஜாவுக்கே சலித்துவிடும், இதற்குப் போய் எதிர்த்துப் பேசுவானேன் என்று அவர் நினைத்தார். பத்து நாள் ஆறு வருஷமாகிவிட்டது. பெரிய குடும்பங்களைப் பார்த்துச் சாதாரணக் குடும்பங்களும் உட்கார்ந்துகொண்டன. பிள்ளைகள் ஓடினால், "உட்காரு, காலில் தூசி படும்!" என்று தாய்மார்கள் அதட்டினார்கள்.

மந்திரியின் மனைவி மரகதம் முன்பெல்லாம் விடிந்ததும் பக்கத்து வீட்டுப் பெண்களோடு ஆற்றுக்குப் போவாள். போகும்போது ஒரு சிரிப்பு, இரண்டு குடம் தண்ணீரோடு வரும்போது ஒரு சிரிப்பு. மூன்று தெருவுக்குக் கேட்கும். இப்போது ஊஞ்சலே கதி. முழங்கால் மடங்கினால் நிமிரவில்லை, நிமிர்ந்தால் மடங்கவில்லை.

வைத்தியர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இதுக்கு மருந்து என் பையில இல்லீங்க, தெருவுலதான் இருக்கு. தினம் நடக்கணும். இந்த வருஷத்தை விட்டா அப்புறம் கால் நம்ம பேச்சைக் கேக்காது."

மரகதம் கணவரைப் பார்த்தாள். "நீங்க எழுதின உத்தரவுதானே? எழுதத் தெரிஞ்ச கைக்கு அழிக்கத் தெரியாதா?"

அன்றிலிருந்து அறவாழி இரவெல்லாம் வீட்டுக்குள்ளேயே உலாத்த ஆரம்பித்தார்.

அந்தச் சமயம் ராஜாவின் பிறந்தநாள் வந்தது. பஞ்சநதம் சபையில் எழுந்தான். "அரசே, நாட்டிலேயே மிருதுவான பாதம் யாருக்கோ அவருக்கு ஒரு முத்துமாலை பரிசு கொடுக்க வேண்டும். மந்திரியாரும் கட்டாயம் காலை நீட்ட வேண்டும். அவர் காலில் பித்தவெடிப்பு என்று ஊரெல்லாம் பேச்சு!"

சபை சிரித்தது. அறவாழியும் சிரித்தார். "நீட்டுகிறேன் பிரபுவே. ஆனால் மாலையைச் சபை நடுவில் வைப்போம். ஜெயித்தவர், யாரும் தாங்காமல், தானே நடந்து வந்து எடுத்துக்கொள்ளட்டும். இன்னொருவர் எடுத்துக் கொடுத்தால் பெருமையில் பாதி அவருக்குப் போய்விடுமே?"

"அதுவும் சரிதான்!" என்றார் ராஜா.

ஒவ்வொருவர் உள்ளங்காலிலும் பட்டுத்துணியை இழுத்துப் பார்த்தார்கள். வீட்டுக்குள் கவலையோடு உலாத்தி உலாத்திக் காய்த்துப்போன கால் மந்திரியுடையது. அதில் பட்டு மாட்டிக் கிழிந்தது. பஞ்சநதத்தின் காலில் வெண்ணெயில் வழுக்கினாற்போல் வழுக்கியது.

"பார்த்தீர்களா மந்திரியாரே!" என்று மீசையை முறுக்கி எழுந்தான் பஞ்சநதம். ஓரடி, ஈரடி, மூன்றாவது அடிக்கு இடுப்பைப் பிடித்தான். நான்காவதில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டான்.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "எழுந்திரும் ஐயா! சரி, நாமே எடுத்துக் கொடுக்கிறோம்" என்று சிம்மாசனத்தைவிட்டு இறங்கினார். சிரிப்பு பாதியில் நின்றது. முழங்கால் நடுங்கத் தூணைக் கட்டிக்கொண்டார். காவலர் ஓடி வந்தார்கள்.

"நிபந்தனை, அரசே" என்றார் அறவாழி மெதுவாக.

மற்றப் பிரபுக்கள் தரையைப் பார்த்தார்கள். பத்தடி தூரத்தில் மாலை மினுங்கியது. எடுக்க ஆளில்லை.

அப்போது துடைப்பத்தோடு உள்ளே வந்தாள் அரண்மனை பெருக்கும் வீராயி. குனிந்தாள், மாலையை எடுத்தாள். "பெருக்கணும் சாமி, இதை எங்க வைக்கட்டும்?"

ராஜா அவள் காலையே பார்த்தார். "உன் வீடு எங்கேம்மா?"

"ஆத்துக்கு அந்தாண்ட. வர ஒரு நாழிகை, போக ஒரு நாழிகை."

"வலிக்காதா?"

"நடக்காத அன்னிக்குத்தான் சாமி வலிக்கும்."

ராஜா தூணை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றார். பிறகு, "மாலை உன் கழுத்திலேயே இருக்கட்டும்" என்றார். "நாளையிலிருந்து தினமும் வீட்டுக்கு வீடு பெரியவர் சிறியவர் எல்லோரும் விடியலில் ஆற்றுக்கு நடக்க வேண்டும். முதல் ஆளாக நான் வருவேன். பஞ்சநதம், இனிமேல் நீர்தான் வாசலில் நின்று காலைப் பார்க்க வேண்டும். தூசி இல்லாத காலை உள்ளே விடாதீர்!"

பஞ்சநதம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

"மந்திரியாரே, உமக்கு என்ன வேண்டும்?"

"அந்தப் பழைய ஓலை, அரசே. என் கையாலேயே நெருப்பில் போட வேண்டும்."

மறுநாள் விடிந்ததும் தெருவே நடந்தது. ராஜா மூச்சு வாங்க முன்னால் போனார். பிள்ளைகள் அவரையும் தாண்டி ஓடினார்கள். அறவாழி மரகதத்தின் கையைப் பிடித்து எழுப்பினார். ஊஞ்சலிலிருந்து வாசலுக்குப் பதினொரு அடி. அதற்கே அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. பழைய தோழிகள் குடத்தோடு நின்று பார்த்தார்கள். "நீங்க போங்கடி, நான் வந்துடறேன்" என்றாள்.

அவர்கள் போன பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

சபையில் யாருக்கும் சளைக்காமல் பதில் சொல்லும் மந்திரி, குனிந்து அவள் முழங்காலைப் பிடித்துவிட ஆரம்பித்தார்.

ஒரு வருஷத்தில் ராஜா மலையே ஏறினார். ஊரில் கைத்தடிகள் குறைந்தன. வைத்தியர் சொன்ன கெடு தாண்டிவிட்டதோ என்னவோ, மரகதம் மட்டும் தெருக்கோடிவரைதான் போனாள். அங்கிருந்து ஆற்றின் சத்தம் கேட்கும், ஆறு தெரியாது. தினமும் இருவரும் அதுவரை நடந்து, கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுத் திரும்புவார்கள்.

அறவாழியின் புத்தியைப் பற்றி நாடெல்லாம் கதை சொன்னது. அவர் மட்டும் அந்தக் கதையைச் சொல்கிற இடத்தில் உட்காரவே மாட்டார்.