கீச்சாயியின் கத்தலும் ஆலோசகர் பச்சோந்தியும்

ஒரு காட்டில் பெரிய இலுப்பை மரம் இருந்தது. அதன் அடியில் அணில்களின் பள்ளி. பத்தடி தள்ளி, சருகு மேட்டில் தவிட்டுக்குருவிகளின் பள்ளி.

அணில் பள்ளியின் தலைமை டீச்சர் வரியம்மாள். அவளிடம் பதினொரு குட்டிகள் படித்தன. எல்லாரிலும் சின்னவனான பொட்டு அவள் பெற்ற பிள்ளை. குருவிப் பள்ளியின் தலைமை டீச்சர் தவிட்டம்மா.

குஞ்சுகள் சருகைக் கிளறிப் புழு பொறுக்கக் கற்கும்போது, கீச்சாயி டீச்சர் மட்டும் உச்சிக் கிளையில் காவல் இருப்பாள். அவள் தொண்டை தகரத்தைச் சுரண்டுவது போலிருக்கும். வானத்தில் வல்லூறு தெரிந்தால், "கீச்! கீச்!" என்று அலறுவாள். குஞ்சுகள் புதருக்குள் பாயும். அந்தச் சத்தம் கேட்டதும் அணில் குட்டிகளும் பொந்துக்குள் ஓடிவிடும். தரையில் காட்டுப்பூனை வந்தாலோ, முதலில் கத்துவது அணில்கள். உடனே குருவிகள் பறந்துவிடும்.

யாரும் யாரிடமும் இதைக் கேட்டு வாங்கவில்லை. யாரும் நன்றி சொன்னதும் இல்லை. வெயிலும் நிழலும் போல அது பாட்டுக்கு நடந்தது.

ஒரு நாள் தவிட்டம்மா தத்தித் தத்தி வந்தாள்.

"அக்கா, ஆற்றுக்கு அக்கரையில் எல்லாப் பள்ளியிலும் ஆலோசகர் வைத்திருக்கிறார்களாம்!"

"எதற்காம்?" என்றாள் வரியம்மாள்.

"பள்ளிகள் ஒன்றோடொன்று ஒத்துழைக்க. அப்புறம், மாற்றத்தைச் சமாளிக்க."

"என்ன மாற்றம்?"

"அதையும் அவரே கொண்டுவருவாராம்!"

அக்கரைக்காரர்களுக்கு இருப்பது நமக்கு இல்லையே என்று இருவருக்கும் உறுத்தியது. ஆள் அனுப்பினார்கள். ஆலோசகர் வர்ணலிங்கம் வந்து சேர்ந்தார். அவர் ஒரு பச்சோந்தி. அணில்களிடம் பேசும்போது சாம்பல் நிறமானார். குருவிகளிடம் பேசும்போது தவிட்டு நிறமானார். "நம்மில் ஒருவர் போலவே இருக்கிறாரே!" என்று இரண்டு பள்ளியும் மகிழ்ந்தன.

அரை நாள் அவர் ஒரு குச்சியில் உட்கார்ந்து பார்வையிட்டார். ஒரு கண் அணில் பள்ளியைப் பார்த்தது. மறு கண் குருவிப் பள்ளியைப் பார்த்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்ததை எந்தக் கண்ணும் பார்க்கவில்லை.

"இரண்டு பள்ளிகளும் சேர்ந்து இதுவரை எத்தனை கூட்டம் நடத்தியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"ஒன்றுகூட இல்லை, ஐயா."

"ஒப்பந்தம்?"

"இல்லை, ஐயா."

"அப்படியானால் உங்களிடம் ஒத்துழைப்பே இல்லை!"

இரண்டு தலைமை டீச்சர்களும் வெட்கித் தலை குனிந்தார்கள். உச்சிக் கிளையிலிருந்து கீச்சாயி கேட்டாள்: "ஓய்! நான் கத்தினால் அணில் பிள்ளைகள் ஓடுகிறார்களே, அதற்கு என்ன பேர்?"

"அதற்குப் பேர் கூச்சல், அம்மணி. வகுப்புக்கு இடைஞ்சல்!"

"இடைஞ்சலா? வல்லூறிடம் போய்ச் சொல்லும்!"

"மாற்றம் வரும்போது சிலர் இப்படித்தான் முரண்டு பிடிப்பார்கள்," என்றார் வர்ணலிங்கம், மற்ற இருவரிடமும் மெதுவாக. இருவரும் புரிந்ததுபோல் தலையாட்டினார்கள்.

மறுநாளே ஒருங்கிணைப்புக் குழு பிறந்தது. ஆபத்து எதுவானாலும் கீச்சாயி முதலில் குழுவிடம் தெரிவிக்க வேண்டும். குழு கூடிப் பேசி, இரண்டு தலைமை டீச்சர்களும் சம்மதித்த பிறகே பிள்ளைகளுக்கு அறிவிக்க வேண்டும். அடுத்த பள்ளியின் கத்தலுக்கு ஓடும் பிள்ளைகளுக்கு மாற்றப் பயிற்சி.

பயிற்சி தினமும் நடந்தது. கீச்சாயியைச் சும்மா கத்தச் சொன்னார்கள். ஓடிய குட்டிகளைத் திரும்பக் கூட்டிவந்து, வாலை நிமிர்த்தி அசையாமல் உட்கார வைத்தார்கள். முதல் நாள் பதினொரு பேரும் ஓடினார்கள். ஐந்தாம் நாள் நான்கு பேர். பத்தாம் நாள் ஒருவர்கூட அசையவில்லை.

"பார்த்தீர்களா! மாற்றம்!" என்று வர்ணலிங்கம் பூரித்து மஞ்சளானார்.

அசையாமல் உட்கார்ந்ததில் முதல் பரிசு, ஒரு இலுப்பைப் பூ, பொட்டுவுக்குக் கிடைத்தது. வரியம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை.

பதினோராம் நாள் காலை குழு கூடியிருந்தது. கீச்சாயி கிளையிலிருந்து விழுந்தடித்து இறங்கினாள்.

"வல்லூறு! வல்லூறு!"

"முறைப்படி சொல்லுங்கள், அம்மணி. குழுவின் பெயர் வைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். உங்கள் விஷயம் மூன்றாவது."

"உம் முறையில் இடி விழ!"

கீச்சாயி மேலே பாய்ந்து தொண்டை கிழியக் கத்தினாள். குருவிக் குஞ்சுகள் தங்கள் டீச்சரின் குரல் கேட்டுப் புதருக்குள் போய்விட்டன. அணில் குட்டிகள் பதினொன்றும் வாலை நிமிர்த்தி, அழகாக, அசையாமல் உட்கார்ந்திருந்தன.

"ஓடு பொட்டு! ஓடு!" என்று அலறியபடி வரியம்மாள் பாய்ந்தாள். பத்துக் குட்டிகள் ஓடின. பரிசு வாங்கியவன் ஒரு கணம் தயங்கினான்.

நிழல் தரையைத் தொட்டது. பிறகு மேலே போனது.

வர்ணலிங்கத்தை எங்கும் காணோம். வெகுநேரம் கழித்து, ஒரு பச்சை இலைக்கு மெல்லக் கண் முளைத்தது.

"வருத்தமான விஷயம்தான்," என்று அந்த இலை தொண்டையைச் செருமியது. "ஆனாலும் பதினொன்றில் பத்து பத்திரம். புதிய திட்டத்துக்கு இது நல்ல ஆரம்பம்!"

கீச்சாயி அந்த இலைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஊருக்கெல்லாம் நிற்கக் கற்றுக்கொடுத்தீர். நீர் மட்டும் ஒளிந்துகொண்டீர். அந்தப் பாடத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கக் கூடாதா?"

அன்றே அவரைத் துரத்தினார்கள். இப்போது கௌதாரிகளின் பள்ளியில் கௌதாரி நிறத்தில் இருக்கிறார் என்று கேள்வி.

ஓட மறக்கப் பத்து நாள் போதுமாயிருந்தது. மறுபடி ஓடக் கற்க, அந்தப் பத்துக் குட்டிகளுக்கும் ஒரு மழைக்காலம் முழுவதும் வேண்டியிருந்தது. பள்ளி விடும்போது வரியம்மாள் பிள்ளைகளை எண்ணுவாள். பத்து வரை எண்ணிவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் நிற்பாள்.

தங்களுக்குள் ஏற்கெனவே இருக்கும் ஒற்றுமையைத் தாங்களே மதிக்காமல், அதைக் கண்ணெடுத்தும் பாராதவனிடம் ஒற்றுமை கற்கப் போனால், அந்தப் படிப்புக்குப் பலியாவது பிள்ளைகளே.