ஓட்டை இல்லாத குழாய்

ஈச்சங்காட்டில் ஒரு முயல் வெள்ளரி போட்டிருந்தது. கோடை முழுவதும் அதன் நான்கு குட்டிகளுக்கும் அதுதான் சாப்பாடு.

ஒரு நாள், யானை ராஜாவின் நீர்ச் சிக்கன அதிகாரியான கொக்கு, கருப்புக் குழாய்ச் சுருள்களோடு வந்து இறங்கியது.

"சொட்டுநீர்த் திட்டம்! வாய்க்காலை மூடு, குழாயைப் போடு! இனி ஒரு சொட்டும் வீணாகாது!"

முயல் சந்தோஷமாக வாய்க்காலை மண் தள்ளி மூடியது. குளத்திலிருந்து குழாய் வந்தது. குழாய் நிறையத் தண்ணீரும் வந்தது. ஆனால் வெள்ளரிக்கு ஒரு சொட்டுக்கூட விழவில்லை. குழாயில் ஓட்டையே இல்லை!

நான்கே நாளில் கொடி துவண்டது. பிஞ்சுகள் வெம்பி உதிர்ந்தன. முயல் கொக்கிடம் ஓடியது.

"ஐயா, குழாயில ஓட்டை போட்டுக் குடுங்க!"

கொக்கு பதறியது. "ஓட்டையா? ஓட்டை போட்டால் தண்ணீர் வெளியே வந்துவிடுமே!"

"அதுக்குத்தானேங்க குழாய்!"

"குளம் எப்படித் தளும்புகிறது பார்த்தாயா அம்மா? நூற்றுக்கு நூறு சிக்கனம்! அரசாங்கக் குழாயில் கை வைத்தால் தண்டனைதான், சொல்லிவிட்டேன்!"

சொன்னதோடு, முயலின் கழுத்தில் ஒரு பாராட்டு மாலையையும் போட்டுவிட்டுப் பறந்தது. பசியில் இருந்த குட்டிகள் அந்த மாலையை அன்றே தின்று தீர்த்தன.

அதைப் பார்த்த முயலுக்கு வந்ததே கோபம்! தண்டனையாவது ஒன்றாவது என்று நேராக வரப்பு எலியிடம் போனது. போன வாரம் வரை அது கல்லெடுத்து விரட்டிய அதே எலிதான்.

"எலியண்ணே, கொஞ்சம் வந்து குழாயைக் கடிக்கிறீங்களா?"

எலி சந்தேகமாகப் பார்த்தது. "நீயே கூப்பிட்டுக் கடிக்கச் சொல்றியா? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"செடிக்கு ஒரு கடி! அதுக்கு மேல கடிச்சா உதைப்பேன்!"

எலி கடித்தது. செடிக்குச் செடி தண்ணீர் சொட்டியது. கொடி தலை நிமிர்ந்தது, பூத்தது, காய்த்தது.

கொக்கு வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டது. "ஐயையோ, இருநூறு இடத்தில் ஒழுகுகிறதே! உன்னைக் காட்டை விட்டே துரத்தச் சொல்கிறேன்!"

அந்த நேரம் பார்த்து யானை ராஜாவே வயல்களைப் பார்வையிட வந்தது. கொக்கிடம் பாராட்டு மாலை வாங்கிய மற்ற வயல்களில் குழாய் பளபளத்தது, பயிர் சருகாகக் கிடந்தது. பசியோடு நடந்த ராஜா முயலின் வயலில் ஒரு வெள்ளரியைப் பறித்துக் கடித்தது. பிறகு ஒரு பாத்தியையே காலி செய்தது.

"போதும் ராஜா! மிச்சம் என் பிள்ளைங்களுக்கு!" என்று குறுக்கே விழுந்தது முயல்.

ராஜா வெட்கத்தோடு தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டது. "இது எந்தத் திட்டத்தில் விளைந்தது?"

"திட்டத்தைக் கெடுத்த வயல் ராஜா இது!" என்றது கொக்கு.

"அப்படியா? நாளையிலிருந்து எல்லா வயலிலும் இதே மாதிரி கெடுத்து வை! உன் அலகு கூராகத்தானே இருக்கிறது? நீயே போய் ஓட்டை போடு!"

பயிருக்குப் போய்ச் சேராத தண்ணீரை மிச்சம் பிடித்துவிட்டதாகப் பெருமை பேசுவது மடத்தனம்.