மின்னலுக்குக் குடை பிடித்தவர்கள்

சுண்டைக்குளத்தில் மூன்று முட்டாள்கள் இருந்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது அந்த ஊரைக் குறைத்துப் பேசுவதாகும். இந்தக் கதையில் மூன்று பேர் மட்டும் வருவதற்குக் காரணம், மொபெட்டில் அதற்குமேல் இடம் இல்லை என்பதுதான்.

மொபெட்டுக்குச் சொந்தக்காரர் தையல்காரர் தாண்டவராயன். ஒரு வருடத்துக்கு முன்னால் ஆசைப்பட்டு ஒரு கேமரா வாங்கினார். அன்றிலிருந்து அவருக்கு ஊசியில் நூல் கோர்க்கக்கூட நேரமில்லை. ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரையும் படம் எடுத்தார். எல்லாப் படங்களும் கழுத்தில் தொடங்கி முழங்காலில் முடிந்தன. இருபது வருடமாகக் கழுத்துக்குக் கீழேயே பார்த்து அளவெடுத்த கண், அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஊர்க்காரர்களும் சட்டையை வைத்துத் தங்களை அடையாளம் கண்டுகொண்டு சந்தோஷப்பட்டார்கள்.

சந்தோஷப்படாத ஒரே ஆள் அவர் மனைவி உலகம்மாள். தன் தங்கச்சி கல்யாணத்தில் அவர் எடுத்த நூற்றைம்பது படங்களிலும் பொண்ணு மாப்பிள்ளைக்குத் தலை இல்லை என்று கண்ட நாளிலிருந்து அவளுக்குக் கேமராவைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. “தாலி நல்லா விழுந்திருக்கே” என்று தாண்டவராயன் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. தென்காசியில் கல்யாணங்களுக்குப் போட்டோ எடுக்கும் தன் தம்பி கோமதிநாயகத்திடம் கேமராவைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் ‘மின்னல் மார்க்’ மிளகாய்த்தூள் மில் முதலாளி வைரவன் ஓர் அறிவிப்பு எழுதி வாசலில் ஒட்டினார். வருகிற வருடக் காலண்டருக்கு அசல் மின்னல் படம் ஒன்று தேவை. எடுத்துக் கொடுப்பவரின் பெயர் படத்துக்குக் கீழே அச்சிடப்படும்.

“இந்த ஒரு மழைக்காலம் மட்டும் பொறுத்துக்கோ, உலகு” என்று தாண்டவராயன் கெஞ்சினார்.

“சரி. கார்த்திகைக் கடைசியில என் தம்பி வருவான். அதுக்குள்ள அந்தக் காலண்டர்ல உங்க பேரை என் கண்ணால பாத்துரணும். பாக்கலன்னா கேமரா அவனோட பஸ் ஏறிரும்” என்றாள் உலகம்மாள்.

தாண்டவராயனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. கேமரா இல்லாத வாழ்க்கையை நினைத்துப் பார்த்தார். அதில் வரிசையாக ஜாக்கெட்டுகள் தொங்கின, வேறொன்றும் இல்லை.

மச்சினன் தங்கமானவன். கேமரா தனக்குத்தான் வரப்போகிறது என்று தெரிந்தும், போனில் கேட்டதும் வஞ்சகமில்லாமல் சொல்லிக்கொடுத்தான்.

“நாலே விசயம் அத்தான். ஒண்ணு, கேமரா துளிகூட ஆடக்கூடாது. ரெண்டு, மரத்தடியில நிக்கவே நிக்காதீங்க, உசுருக்கு ஆபத்து. மூணு, மின்னல் வெட்டினதும் ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுங்க. இடி கேட்டதும் நிறுத்தி மூணால வகுத்தா, மின்னல் எத்தனை கிலோமீட்டர்னு தெரிஞ்சுரும். நாலு, கண்ட கண்ட வெளிச்சமும் கேமராவுக்குள்ள விழுந்துரப் பிடாது. படம் வெளிறிப்போயிரும்.”

தாண்டவராயன் நாலையும் அளவு நோட்டில், யாரோ ஒரு அம்மாளின் கை நீளத்துக்குக் கீழே குறித்துக்கொண்டார்.

உதவிக்கு இரண்டு பேர் சேர்ந்தார்கள். கசமுத்து சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுப்பவர். எண்ணத் தெரிந்தவர் என்பதால் மூன்றாவது விசயம் அவர் பொறுப்பு. ஆவுடையப்பன் புதுமாப்பிள்ளை. ஆவணியில் கல்யாணமானபோது மாமனார் வீட்டில் கொடுத்த பெரிய கறுப்புக் குடை ஒன்று அவனிடம் இருந்தது. கைப்பிடியில் சுற்றிய பிளாஸ்டிக் தாளை இன்னும் பிரிக்கவில்லை. மழை வந்தால் குடையை மடக்கிச் சட்டைக்குள் வைத்துக்கொள்வான், நனைந்தால் வீணாகிவிடும் என்று. நாலாவது விசயம் அவனுக்கு.

ஐப்பசி பிறந்து நாலாம் நாள், சாயங்காலம் நாலு மணிக்கே மேற்கே கருக்கல் கட்டியது. பளிச்சென்று ஒரு வெட்டு. கசமுத்து கண்ணை மூடிக்கொண்டு எண்ணினார். பன்னிரண்டில் இடி கேட்டது.

“நாலு கிலோமீட்டர், அண்ணாச்சி.”

“சரி, இப்ப என்ன செய்ய?” என்றார் தாண்டவராயன்.

“என்ன கேள்வி இது? தூரம் எதுக்குச் சொல்லுவாவ? போறதுக்குத்தான். ஏறும்.”

மூன்று பேரும் மொபெட்டில் மேற்கே சரியாக நாலு கிலோமீட்டர் போய் இறங்கினார்கள். வெங்காயத் தோட்டம் ஒன்று இருந்தது. உள்ளே ஒரு அம்மாள் களை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, இங்க ஒரு மின்னல் வந்துச்சா?”

“வந்துச்சு. இப்பத்தான் போச்சு.”

“எந்தப் பக்கம்?”

அவள் நிமிராமலே கையைக் காட்டினாள். “சுண்டைக்குளம் பக்கமா வெட்டிச்சு.”

திரும்பி ஊருக்கு ஓடிவந்தார்கள். ஊரில் இறங்கியதும் வெங்காயத் தோட்டத்துப் பக்கம் வெட்டியது. அங்கே போனார்கள், இங்கே வெட்டியது. மூன்றாவது தடவை கசமுத்துவுக்கு விசயம் பிடிபட்டது.

“அண்ணாச்சி, நம்ம வண்டிச் சத்தம் அதுக்குக் கேக்குது.”

அதற்குப் பிறகு இஞ்சினை நிறுத்திவிட்டு மொபெட்டைத் தள்ளிக்கொண்டு, பூனை மாதிரி நடந்தார்கள். மின்னல் அப்படியும் ஏமாறவில்லை. ஊர் எல்லையில் மூச்சு வாங்க நின்றபோதுதான் தாண்டவராயன் கண்ணில் மைல்கல் பட்டது. ‘தென்காசி 18’ என்று போட்டிருந்தது.

“அரசாங்கம் நட்ட கல்லு. இது ஆடாது” என்றார். அளவு நாடாவால் கேமராவை மைல்கல்லோடு சேர்த்துச் சுற்றி இறுக்கினார்கள். கேமரா அசையவே இல்லை.

கல்லுக்குப் பக்கத்தில் புளியமரம். மூன்று பேரும் அதன் அடியில் நின்றுவிட்டு, அளவு நோட்டைப் பார்த்துத் திடுக்கிட்டு, உடனே உட்கார்ந்துகொண்டார்கள்.

“இப்ப ஆபத்து இல்லை” என்றான் ஆவுடையப்பன்.

தாண்டவராயனுக்கு வேறு கவலை. “இந்தத் தடவையாவது தலையை விட்டுறக் கூடாது. மின்னலுக்குத் தலை மேலயா, கீழயா?”

“மேல இருந்துதானே வருது? முதல்ல வாறது கால்” என்றார் கசமுத்து. “நாம திண்ணையில இருந்து குதிச்சா தலையாவா முதல்ல விழும்?”

“தலைகீழா விழுந்தா?” என்றார் தாண்டவராயன்.

கால் மணி நேரம் பேசி, மின்னல் தலைகீழாக விழுகிற ஜாதியில்லை என்று முடிவானது. அந்தக் கால் மணி நேரத்தில் எதிரே எட்டு மின்னல் வந்து போயிற்று.

ஒன்பதாவது மின்னலுக்குத் தாண்டவராயன் தயாராக இருந்தார். வெட்டியது, பட்டனை அமுக்கினார். அதே நொடியில் ஆவுடையப்பன் பாய்ந்து கேமராவுக்கு முன்னால் குடையை விரித்தான்.

“என்னடே இது?”

“பெரிய வெளிச்சம் ஒண்ணு வந்துச்சு அண்ணாச்சி. நல்லவேளை, உள்ள விடல.”

“சபாஷ்” என்றார் தாண்டவராயன். இப்படிப்பட்ட துணை எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று அவருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. அதற்குப் பிறகு வந்த நாற்பது மின்னலில் ஒன்றைக்கூட ஆவுடையப்பன் உள்ளே விடவில்லை. நடுவில் மின்னல் ஓய்ந்து தூறல் போட்டபோது மட்டும் குடையை மடக்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

இடி கேட்டால் ‘அர்ஜுனா, அர்ஜுனா’ என்று சொல்வது நம் பக்கத்து வழக்கம். சொன்னால் இடி விலகிப் போய்விடும் என்பார்கள். கசமுத்துவும் ஒவ்வொரு இடிக்கும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். சத்தம் தூரத் தூரப் போவதைத் தாண்டவராயன் அப்போதுதான் கவனித்தார்.

“நிறுத்தும் வே! நான் இங்க வா வான்னு கூப்பிடுதேன், நீரு அர்ஜுனனைக் கூப்பிட்டு விரட்டுதீரே! என் கேமரா போயிரும் வே!” அழாத குறை.

கசமுத்து வாயில் துண்டை வைத்துக்கொண்டார். அப்புறம் யோசித்து, துண்டை எடுத்தார். “அண்ணாச்சி, அர்ஜுனன் பேரைச் சொன்னா போகுதுன்னா, யார் பேரைச் சொன்னா வரும்?”



“துரியோதனன்” என்றான் ஆவுடையப்பன்.

“வேண்டாம். கதாயுதத்தோட வந்தா யார் தாங்குறது? அர்ஜுனனுக்கு நேர் எதிரி கர்ணன்தான். அவன் கேட்டதைக் கொடுக்கிறவனும்கூட” என்றார் தாண்டவராயன்.

அதைவிடப் பொருத்தமான ஆள் யார்? மூன்று பேரும் புளியமரத்தடியில் உட்கார்ந்தபடி, தொண்டை கிழிய “கர்ணா! கர்ணா!” என்று கூப்பிட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் மழைக்கோட்டும் டார்ச் லைட்டுமாகச் சைக்கிளில் ஓர் உருவம் வந்தது. ஊர் லைன்மேன் கர்ணன்.

“யாருய்யா கூப்பிட்டது? எந்த வீட்ல கரண்டு போச்சு?”

“கரண்டு இருக்கு. மின்னல்தான் பக்கத்துல வர மாட்டேங்குது” என்றார் தாண்டவராயன்.

கர்ணன் டார்ச்சை அடித்தார். ஆவுடையப்பன் உடனே குடையைக் கேமராவுக்கு முன்னால் பிடித்தான். “அட பாவிகளா, இடி நேரத்துல மரத்தடியிலயா! எந்திரிங்க முதல்ல!” என்றார் கர்ணன்.

“எந்திரிச்சா நிக்கணுமே. நிக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு” என்று கசமுத்து நோட்டைக் காட்டினார்.

கடைசியில் மூன்று பேரும் உட்கார்ந்தபடியே, சேற்றில் நகர்ந்து நகர்ந்து வெளியே வந்தார்கள். கர்ணன் அவர்களை வீடுவரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் போனார். நல்ல மனுஷன்.

கேமராவில் நாற்பத்தொரு படம் விழுந்திருந்தது. நாற்பத்தொன்றும் கன்னங்கரேல் என்று இருந்தன. அவற்றில் நல்ல கறுப்பாக ஒன்றைப் பொறுக்கித் தாண்டவராயன் மில்லுக்குக் கொண்டுபோனார்.

வைரவன் முதலாளி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மின்னல் எங்கய்யா?”

தாண்டவராயனுக்குக் கேமரா பஸ் ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தது. கசமுத்துதான் முன்னால் வந்தார்.

“முதலாளி, மின்னல் எம்புட்டு நேரம் இருக்கும்?”

“ஒரு நொடி.”

“காலண்டர் எம்புட்டு நாள் இருக்கணும்?”

“ஒரு வருசம்.”

“ஒரு நொடி இருக்கிறதை வருசம் பூரா மாட்டிவச்சா நிக்குமா? இருட்டுதான் நின்னு உழைக்கும்.”

வைரவன் முதலாளியும் சுண்டைக்குளத்துக்காரர்தான். மொபெட்டில் இடம் இருந்திருந்தால் அவரும் கதையில் முன்னாலேயே வந்திருப்பார். “மிளகாய்த்தூள் யாவாரிக்கு இது தோணாமப் போச்சே!” என்று படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தாண்டவராயன் பெயரை என்ன நிறத்தில் போட என்று அச்சகத்துக்காரர் கேட்டதற்கு, “எழுத்து எப்பவும் கறுப்புதான்” என்று சொல்லிவிட்டார்.

கார்த்திகைக் கடைசியில் கோமதிநாயகம் வந்தான். மத்தியானமே வானம் இருட்டிக்கொண்டிருந்தது. சுவரில் புதுக் காலண்டர் வழவழவென்று கறுப்பாகத் தொங்கியது. நண்பர்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் காவல் நின்றார்கள்.

“பேரு எங்க?” என்றாள் உலகம்மாள்.

“கீழதான் இருக்கு. தடவிப் பாரு, தட்டுப்படும்.”

“கண்ணால பாக்கணும்னு சொன்னேன்.” அவள் கேமராப் பையை எடுத்துத் தம்பி மடியில் வைத்தாள்.

கோமதிநாயகத்துக்கு அத்தானைப் பார்க்கப் பாவமாக இருந்தது. “அக்கா, வழவழப்புத் தாளு. நல்ல வெளிச்சம் பட்டா எழுத்து மினுங்கும்.”

அவன் சொல்லி வாய் மூடவில்லை, ஜன்னலுக்கு வெளியே பளீரென்று ஒரு மின்னல். காலண்டரின் அடிப்பக்கம் மினுங்கத் தொடங்கியது. உலகம்மாள் குனிந்தாள்.

படார் என்று குடை விரிந்தது.

“வெளிச்சம் உள்ள விழல அண்ணாச்சி!” என்றான் ஆவுடையப்பன்.

கோமதிநாயகம் போனில் இருந்த டார்ச்சை அடித்தான். குடை அந்தப் பக்கம் திரும்பியது. “நகருடே!” என்று தாண்டவராயன் அலறினார். “நீங்க கவலைப்படாதீங்க” என்று ஆவுடையப்பன் ஆறுதல் சொன்னான். வேறு வழி தெரியாமல் தாண்டவராயன் ஜன்னலைத் திறந்து “கர்ணா! கர்ணா!” என்று கத்தினார். லைன்மேன் கர்ணன் நனைந்துகொண்டே ஓடிவந்து, “இப்ப எந்த வீட்ல?” என்று கேட்டபடி பெரிய டார்ச்சை உள்ளே அடித்தார். குடை வாசல் பக்கம் திரும்பியது.

உலகம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாள் என்று தாண்டவராயன் நினைத்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை.

“தம்பி, கேமரா கிடக்கட்டும். அந்தக் குடையைக் கொண்டு போ” என்றாள்.

ஆவுடையப்பன் நண்பனுக்காகக் குடையைக் கொடுத்தான். கோமதிநாயகம் அதை விரித்துக்கொண்டு கொட்டும் மழையில் பஸ்ஸுக்கு நடந்தான். பத்தடி போயிருக்க மாட்டான், ஆவுடையப்பனுக்குப் பொறுக்கவில்லை. “மழையில விரிக்காதீங்க, குடை நனைஞ்சிரும்!” என்று கத்திக்கொண்டு ஓடி, தன் சட்டையைக் கழற்றி, கை இரண்டையும் தூக்கி, குடையின் மேல் போர்த்திப் பிடித்துக்கொண்டான்.

அப்படி ஒரு காட்சியை விட மனமில்லாமல் தாண்டவராயன் ஜன்னல் வழியாகக் கேமராவைத் தூக்கினார். பட்டனை அமுக்கவும், அவர்கள் தலைக்கு நேர் மேலே வானம் இரண்டாகப் பிளந்ததுபோல் ஒரு மின்னல் வெட்டவும் சரியாக இருந்தது. மறைக்கக் குடை எதிரே இல்லை.

படம் அருமையாக, பட்டப்பகல் வெளிச்சத்தில் எடுத்ததுபோல் விழுந்திருந்தது. ஆவுடையப்பன், கழுத்திலிருந்து முழங்கால் வரை.