நாலு பேர் உட்காரும் பெஞ்சு

கதைகளில் வரும் குருவுக்குத் தாடி இருக்கும். சீடனைவிட வயதும் கூடுதலாக இருக்கும். இந்தக் கதையில் இரண்டும் கிடையாது. குரு டாக்டர் ஜெமீலாவுக்கு முப்பத்தைந்து வயது, கோட்டுப் பையில் எப்போதும் பொரிகடலை. சிஷ்யை டாக்டர் பேச்சியம்மாளுக்கு நாற்பத்தொன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பன்னிரண்டு வருஷம் மாரடித்துவிட்டு, மகப்பேறு மேல்படிப்புக்கு அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தவள். சின்னவளை இவள் ‘மேடம்’ என்பாள். பெரியவளை அவள் ‘அக்கா’ என்பாள். இருவருக்கும் அதில் ஒரு குறையும் இல்லை.

ஒரு திங்கட்கிழமை பேச்சியம்மாள் முகம் செத்துப்போய் வந்து நின்றாள்.

“மேடம், மாரிச்செல்வி ரெண்டு வாரமா வரல.”

மாரிச்செல்வி ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டும் பெண். கல்யாணமாகி ஒரு வருஷம். பத்தாவது வாரத்தில் உதிரப்போக்கு என்று வந்தாள். ஸ்கேனில் குழந்தை இல்லை. கர்ப்பப்பை நிறைய ஜவ்வரிசி போல நீர்க்குமிழிகள்தான் இருந்தன. முத்துப்பிள்ளை என்பார்கள் அதை. பிள்ளையே இல்லாததற்குப் பிள்ளை என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, அவன் வயிற்றில் வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

மயக்கம் கொடுத்து உறிஞ்சி எடுத்தார்கள். அதோடு முடிகிற காரியம் இல்லை அது. ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோன் இறங்கி இயல்புக்கு வரும்வரை வாராவாரம் பார்க்க வேண்டும். அப்புறம் ஆறு மாதம், மாதாமாதம். அதுவரை மறுபடி கருத்தரிக்கக் கூடாது. எங்காவது மிச்சம் ஒட்டியிருந்தால் வளர்ந்து நுரையீரல் வரைக்கும் போய்விடும். நேரத்தோடு கண்டுபிடித்துவிட்டால் அநேகமாக எல்லோருக்கும் மருந்திலேயே குணமாகிவிடும். கண்டுபிடிக்க அவள் வர வேண்டுமே!

“போன் பண்ணுனீங்களா?”

“எடுக்க மாட்டேங்குறா.”

“கடைசியா அவகிட்ட என்ன பேசுனீங்க?”

“எனக்கு மட்டும் ஏன்னு அழுதா. பயப்படாதம்மா, இது ஆயிரத்துல ஒருத்தருக்குத்தான் வரும்னு சொன்னேன்.”

“ஆறுதலுக்கா?”

“ஆறுதலுக்குத்தான் மேடம்.”

ஜெமீலா பொரிகடலையை மென்றாள். “இங்க மாசம் எத்தனை பிரசவம்?”

“எண்ணூறு இருக்கும்.”

“அப்ப மாசம் ஒருத்தியாவது வருவா. கருக்குழாய்ல கரு தங்கிடுறது?”

“நூத்துல ஒண்ணு, ரெண்டு.”

“அது பத்துப் பேர் தேறும். அவங்கள்லாம் எங்கக்கா இருக்காங்க?”

பேச்சியம்மாள் வராந்தாவை எட்டிப் பார்த்தாள்.

“கோட்டைக் கழட்டி வச்சிட்டு வாங்க.”

கர்ப்பிணிகள் பிரிவில் ரத்தம் எடுக்கும் இடத்துக்கு ஜெமீலா அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். நாற்பது பெண்கள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“மாரிச்செல்விக்கும் இதே வரிசைதான். பத்து நிமிஷம் உட்காருங்க.” சொல்லிவிட்டு ஜெமீலா போய்விட்டாள்.

பேச்சியம்மாள் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு நிறைமாதக்காரி. பொழுதுபோகாமல் இவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு நல்ல மனசோடுதான் கேட்டாள்.

“உங்களுக்கு எத்தனாவது மாசம்க்கா? வயிறே தெரியல.”

பேச்சியம்மாள் சேலைத் தலைப்பை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கும் குழாயில் கரு தங்கி, குழாய் வெடித்து, வயிற்றுக்குள் ரத்தம் நிறைந்து, நினைவில்லாமல் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வலப்பக்கக் குழாயை எடுத்தபின்தான் பிழைத்தாள். வீட்டில் குடல்வால் ஆபரேஷன் என்று சொல்லிவைத்தார்கள். உண்மை தெரிந்தது புருஷனுக்கும் ஆபரேஷன் செய்தவருக்கும் மட்டும். இரண்டு வருஷம் கழித்து ஒரு மகன் பிறந்தான். எத்தனை பிள்ளைகள் என்று யார் கேட்டாலும் ஒன்று என்றுதான் சொல்வாள். சொல்லும்போதெல்லாம் உள்ளே ஒன்று சுருக்கென்று தைக்கும்.

நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. எழுந்து விறுவிறுவென்று நடந்தாள். வராந்தா முனையில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவளை ஜெமீலா தூரத்திலிருந்து பார்த்தாள்.

மத்தியானம் பேச்சியம்மாள் நர்ஸின் போனை வாங்கி அடித்தாள். புது நம்பர் என்பதால் மாரிச்செல்வி எடுத்துவிட்டாள்.

“ஏம்மா வரல?”

“அந்த வரிசையில என்னால உட்கார முடியல டாக்டரம்மா. மாசம் கேக்குறாங்க.”

“வீட்டுல யாரையாவது துணைக்குக் கூட்டிட்டு வரலாம்ல?”

“மூணு மாசம் முடியாம வெளிய சொல்லக்கூடாதுன்னு அத்தை சொன்னாங்க. எங்கம்மாகிட்டகூட சொல்லல. உண்டானதையே சொல்லல, இல்லாமப் போனதை எப்படிச் சொல்ல? யார்ட்டப் போய் அழ?”

பேச்சியம்மாள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“ஆயிரத்துல ஒருத்தின்னீங்க. மத்த தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது பேரும் அந்த வரிசையில இருக்காங்க டாக்டரம்மா.”

பேச்சியம்மாள் இதை அப்படியே போய் ஜெமீலாவிடம் சொன்னாள்.

“இந்த வாரம் ரத்தம் குடுக்க வேண்டியவங்க மொத்தம் எத்தனை பேர்?”

“மூணு மேடம். முத்துப்பிள்ளை எடுத்தவங்க ரெண்டு பேர். குழாய்ல தங்குன கருவை ஊசி போட்டுக் கரைச்சவ ஒருத்தி.”

“வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மூணு பேரையும் வரச் சொல்லுங்க. லேபுக்குப் பின்னால, அந்த வேப்பமரத்தடியில.”

“மூணு நாற்காலி போடச் சொல்லவா?”

“பெஞ்சு போடச் சொல்லுங்க. நாலு பேர் உட்கார்றது.”

வெள்ளிக்கிழமை மாரிச்செல்வி வந்தாள். வரும்போதே, “இந்த ஒரு தடவைதான் வருவேன்” என்றாள். பெஞ்சின் ஓரத்தில் பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தக் கடைசியில் ஊசி போட்டுக்கொண்ட ஜெனிட்டா. நடுவில், நாலு மாதமாக வந்துபோகும் கனகமணி. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. ரத்தம் எடுத்தாயிற்று. பஞ்சை அழுத்திக்கொண்டு மூன்று பேரும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லேப் ஜன்னலில் பேச்சியம்மாளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“மேடம், யாரும் பேசவே இல்லையே.”

“ம்.”

“இப்ப எந்திரிச்சுப் போயிடுவா. போனா அப்புறம் வரவே மாட்டா. நான் போய் ஏதாவது சொல்லட்டுமா? எத்தனை பேருக்குக் குணமாகுது, அப்புறம் எத்தனை பேருக்கு நல்லபடியா பிள்ளை பிறக்குது...”

ஜெமீலா கையிலிருந்த பொரிகடலையைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பேச்சியம்மாளின் முகத்தைப் பார்த்தாள்.

“நாலு பேர் உட்கார்ற பெஞ்சுதானேக்கா போடச் சொன்னேன்?”

பேச்சியம்மாள் அப்படியே நின்றாள். பிறகு கோட்டைக் கழற்றி ஜன்னலில் வைத்தாள். மரத்தடிக்குப் போய் மாரிச்செல்விக்கும் கனகமணிக்கும் இடையில் உட்கார்ந்தாள். அவளும் தரையைத்தான் பார்த்தாள்.

“எனக்கு ஆகிப் பதினோரு வருஷம்” என்றாள். “வீட்டுல குடல்வால்னு சொல்லியிருக்கோம்.”

கனகமணி நிமிர்ந்தாள். ஜெனிட்டா திரும்பினாள். எழுந்திருக்கப் போன மாரிச்செல்வி மடியில் இருந்த பையை எடுத்துக் கீழே வைத்தாள்.

“அடுத்த வெள்ளியும் இங்கதானா டாக்டரம்மா?”

பேச்சியம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள்.